முத்துராக்கு மேல் பெய்த மழை

அநியாயம் செய்யப்பட்டவள் பூமயில். உடைக்காட்டுப்பட்டியில் கரிமூட்டம் பற்றியெரிந்து, ஊரே சேர்ந்து வெட்டி அடுக்கிய விறகும் பக்கத்து ஆட்டுப்பட்டியில் அடைத்துக் கிடந்த ஆடுகளும் சாம்பலாகிப்போன அந்த ஆடி மாதத்தில், செய்யாத குற்றத்துக்காக அவளைத் தள்ளிவைத்தார்கள். குழாயடியில் அவள் குடம் வைக்கக் கூடாது என்றார்கள், அவளுக்கு யாரும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, அடுப்புக்கு ஒரு கங்கு கொடுக்கக் கூடாது என்றார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு, பஸ் நிற்கும் விலக்குக்கு அவள் நடந்துபோனதை அவரவர் வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். அந்த அநியாயத்தைச் செய்தவள் முத்துராக்கு. ஒரே ஒரு வாக்கியத்தில் செய்து முடித்தாள்.

சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளைக் குன்றுபோல அடுக்கி, வைக்கோலால் மூடி, அதன்மேல் ஈரமண்ணை அப்பி, உள்ளே நெருப்பை வைத்துவிட்டு, அந்த நெருப்பு எரிந்துவிடவும் கூடாது அணைந்துவிடவும் கூடாது என்று இரவும் பகலும் அதன் பக்கத்திலேயே கிடப்பதற்குப் பெயர்தான் மூட்டம் போடுவது. வெள்ளைப் புகை வந்தால் கட்டையின் ஈரம் போகிறது, விட்டுவிடலாம். நீலப் புகை வந்தால் அந்த இடத்தில் கரி பழுத்துவிட்டது, உடனே மண்ணைக் குழைத்துத் துளையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காற்று உள்ளே போகும், காற்று போனால் அவ்வளவுதான். ஆகவே மூட்டத்துக்குக் காவல் உண்டு, காவலுக்கு முறை உண்டு. அன்றைக்குப் பகல் பூமயிலின் முறை. அவள் மகள் வேணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

"மதினி, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு ஓடியாந்துர்றேன். செத்த நேரம் மூட்டத்தைப் பாத்துக்கங்க" என்று முத்துராக்கிடம் வந்து நின்றாள்.

"போத்தா, நான் இருக்கேன். பிள்ளையப் பாரு மொதல்ல" என்றாள் முத்துராக்கு.

மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சீமையில் பூமியைத் தோண்டினால் உப்புத் தண்ணீர், குழாயைத் திறந்தாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். லாரி எந்த நாளில் வரும் என்பது லாரிக்கே தெரியாது. வந்து ஹாரன் அடித்தால் தாலி கட்டுகிற கையைக்கூட நிறுத்திவிட்டு ஓடுகிற ஊர் அது. ஹாரன் அடித்தது. முத்துராக்கு ஓடினாள். தனக்கு ஒரு குடம் பிடித்தாள், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பூமயிலுக்கும் ஒரு குடம் பிடித்தாள். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் திரும்பி வந்தபோது, ஆடிக் காற்றில் மூட்டம் நின்று எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் சோலைமலை, மூட்டத்தில் பெரிய பங்கும் அவருடையதுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "காவல் யார் முறை?"

"பூமயில் முறைதான்" என்றாள் முத்துராக்கு.

பொய் என்று கையில் பிடித்துக் காட்ட முடியாத பொய். முறை அவளுடையதுதானே. பூமயில் அப்போதுதான் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். "மதினி, சொல்லுங்க மதினி" என்றாள். முத்துராக்கு தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? பூமயிலுக்குப் புருஷன் இல்லை, எழுந்து நின்று பேச அண்ணன் தம்பி இல்லை. போதாததற்கு, போன மூட்டத்தின்போது, "வெட்டுறது பொம்பள, அடுக்குறது பொம்பள, காவக் காக்குறது பொம்பள, பங்கு மட்டும் ஆம்பளைங்க பேர்லயா" என்று சோலைமலையின் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள். ஒருத்தியைக் குற்றவாளியாக்க ஊர் முழுக்கப் பொய் சொல்லத் தேவையில்லை. ஒருத்தி சொன்னால் போதும். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றால் போதும்.

மறுநாள் காலை முத்துராக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். போடப் போட அழிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்ட வெண்கலத் தட்டுப்போல இருந்தது, எதிர்வீட்டு வாசலில் வெயில் அடித்தது, அவள் மேல் மட்டும், கையை விரித்தால் எட்டுகிற வட்டத்துக்குள், மழை பெய்துகொண்டிருந்தது. தள்ளி நின்றாள், மழையும் தள்ளி வந்தது. வீட்டுக்குள் போனாள்; அதுவும் நிலைப்படி தாண்டி, தலைகுனிந்து வருகிற விருந்தாளிபோல உள்ளே வந்தது.

அவள் புருஷன் காத்தமுத்து பாயிலிருந்து எழுந்து கூரையைப் பார்த்தான். "எங்கடி ஒழுகுது?"

"கூரை ஒழுகல. நான்தான்."

அவன் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்து உயரத்தில் வைத்தான். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்மூலைக்குப் போனான்.

முதல் நாள் ஊர் அவளுக்குச் சளி பிடிக்குமே என்று கவலைப்பட்டது. மிளகு ரசம் வந்தது, தலையில் போட்டுக்கொள்ள யூரியா சாக்கைக் கத்தரித்துத் தைத்த கொங்காணி வந்தது. இரண்டாம் நாள் சோலைமலையின் மனைவி பொன்னுத்தாயி உள்ளங்கையை நீட்டிக் கொஞ்சம் ஏந்தி நாக்கில் விட்டுப் பார்த்தாள். "நல்ல தண்ணி" என்றாள். அவ்வளவுதான். அன்று பொழுது சாய்வதற்குள் முத்துராக்கைச் சுற்றிக் குடங்கள் வந்துவிட்டன. அந்த வாரத்துக்குள் மந்தையில் பந்தல் போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டார்கள். காலையில் வடக்குத் தெரு, மாலையில் தெற்குத் தெரு, மத்தியானத்தில் மிளகாய்க் கொல்லை. கொல்லையில் அவள் உட்கார முடியாது, பாத்தி பாத்தியாக நடக்க வேண்டும், கூடவே கொல்லைக்காரர் நடந்துவந்து "இந்த மூலை காஞ்சு கெடக்குத்தா, இங்க செத்த நில்லு" என்பார், அவள் நிற்பாள், தன் பாவத்துக்கு இது ஒரு தண்டனை என்று நினைத்துக்கொண்டு நிற்பாள்.

"ஏ, அவள அந்தப் பக்கமாச் சாச்சு உக்கார வச்சிருக்கீங்க. என் குடத்துல பாதிகூட நெறையல" என்பாள் ஒருத்தி.

"ஒன் குடத்தோட வாயைப் பாரு, ஒன் வாய் மாதிரியே. மழை எங்குட்டுப் பேஞ்சாலும் அதுல விழுந்துரும்" என்பாள் இன்னொருத்தி.

வானிலை இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மழைமானியை முத்துராக்கின் மடியில் வைத்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "ஊர்க் கூட்டம் நடந்த மறுநாள்" என்றாள். அவர் அதைக் குறித்துக்கொள்ளாமல், அன்று காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று கேட்டார். "மேக்கேருந்து, மேகாத்து" என்றாள். அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போனார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கலுக்கு மட்டும் அவளை அனுப்பிவைக்க முடியுமா, கறவை மாடு ஒன்று தருகிறோம் என்று கேட்டுவந்தார்கள். ஊர் கூடிப் பேசி முடியாது என்று சொல்லியனுப்பியது. முத்துராக்கை யாரும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் அவளுக்குப் பத்திரிகை வைத்தார்கள், வந்தால் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நிற்கச் சொன்னார்கள். அவள் தட்டில் எந்தச் சோறு விழுந்தாலும் கஞ்சியானது. அவள் சேலை காய்ந்த நாள் கிடையாது. ரவிக்கைத் தோளில் பாசி பிடித்தது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி, யாரோ ஒருத்தியின் கிழட்டு விரல்களைக் கடன் வாங்கி ஒட்டவைத்ததுபோல ஆயின. ஸ்டூலுக்கு அடியில் ஒரு சின்னத் தவளை குடிவந்தது. ஊரோ செழித்தது. தண்ணீர் லாரி இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மழைத் தண்ணீர் தேங்குகிற ஊருணி எதற்கு என்று விட்டுவிட்டார்கள், அதில் முள் மண்டியது. மிளகாய் சிவந்து சிவந்து குவிந்தது. பிள்ளைகளுக்குத் தலைமுடிகூடப் பளபளவென்று ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த பங்குனியில் மழை இளைத்தது. தூறலாகி, தூறலும் சொட்டாகி, பெண்கள் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் காத்திருக்க வேண்டிவந்தது. அப்படிக் காத்திருந்த ஒரு காலையில் பொன்னுத்தாயி சும்மா ஒரு பேச்சுக்கு, "பூமயில் இருந்தா இந்நேரம் என்ன சண்டை இழுத்திருப்பா" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மழை சடசடவென்று கொட்டியது. குடங்கள் நிறைந்தன. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. குடத்தை வைப்பார்கள், பெயரைச் சொல்வார்கள். "பாவம், பூமயில் எந்த ஊர்ல என்ன கஷ்டப்படுறாளோ" என்றால் ஒரு குடம். "அன்னைக்கு அந்தப் பிள்ளை தோள்ல எப்படித் துவண்டு கெடந்துச்சு" என்றால் ஒன்றரைக் குடம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டன. டம்ளரை நீட்டிக்கொண்டு வந்து, "அத்த, வேணி என் பக்கத்துலதான் உக்காந்திருப்பா" என்று சொல்லி, நிறைந்ததும் குடித்துவிட்டு ஓடும். முத்துராக்கு இதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தாள். குற்றம் செய்தவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது, யார் அடித்தாலும் அது நியாயமான அடி என்று முதுகைக் காட்டுவது.

மிளகாய் பூவெடுத்த நேரம். ஒரு நல்ல நனைப்பு கிடைத்தால் காய் பிடித்துவிடும், இல்லாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். பொன்னுத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலத்தா. பூமயில் போய்ட்டாளாம். உப்பளத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தவ, வெயில்ல அப்படியே சுருண்டு விழுந்துட்டாளாம்."

முத்துராக்கு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று பெய்தது மழை இல்லை, வானத்தில் எங்கோ ஒரு கண்மாய் உடைத்துக்கொண்டது. கொல்லை நிறைந்து, அடுத்த கொல்லை நிறைந்து, நெடுங்காலமாகக் காய்ந்து கிடந்த ஓடையில் செந்நீர் புரண்டு ஓடியது. ஆண்கள் மண்வெட்டியோடு ஓடி ஓடி மடை திருப்பினார்கள், அவரவர் பாத்திக்கு, அவரவர் பாத்திக்கு. நடுவில் சேற்றுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்ப ஒருத்தரும் வரவில்லை. எழுப்பினால் நின்றுவிடுமே.

அதற்கடுத்த வாரம் உப்பு ஏற்றிப்போன லாரி ஒன்று விலக்கில் நின்றது. டிரைவர் இறங்கிவந்து பந்தலில் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, நனைந்துகொண்டிருந்த முத்துராக்கிடமே, "இது உடைக்காட்டுப்பட்டிதான? உங்க ஊர் அக்கா ஒண்ணு எங்க உப்பளத்துல வேலை பாக்குது. பூமயிலு. நேத்துகூட கங்காணியோட என்னா வாய்ங்கிறீங்க, மனுசன் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்று சிரித்தான்.

"நேத்தா?" என்றாள் முத்துராக்கு.

"நேத்து சாயங்காலம்."

முதலில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது, வயிற்றிலிருந்து வந்தது. இருக்கிறாள், சண்டை போடுகிறாள். அந்தச் சந்தோஷம் அடங்கியபிறகுதான் மற்றது மெதுவாக எழுந்துவந்தது. முள் எங்கே தைத்திருக்கிறது என்று தெரிந்தவள்தானே அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்துவாள்? இவர்களுக்கு எப்படித் தெரியும்? பூமயில் பெயரைச் சொன்னால் நான் ஏன் கொட்டுகிறேன் என்று, இத்தனை நாளில், இந்த ஊரில் ஒருத்திகூட ஏன் கேட்கவில்லை?

ஸ்டூலைவிட்டு எழுந்தாள். நேரே சோலைமலை வீட்டுக்கு நடந்தாள். மழை கூடவே நடந்தது, குடத்தோடு நின்ற பெண்களும் கூடவே நடந்தார்கள். சோலைமலை முற்றத்தில் மிளகாய் வியாபாரிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு மூட்டத்துக்குக் காவல் இருந்தது நான்" என்றாள் முத்துராக்கு. "பூமயில் என்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா. நான்தான் விட்டுட்டுப் போனேன். நான் பொய் சொன்னேன்."

இதைச் சொல்லும் நாளில் பூமி பிளக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். சோலைமலை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

பொன்னுத்தாயி நிலைப்படியில் நின்றபடி சொன்னாள்: "தெரியாம என்னத்தா. லாரிகிட்ட வந்து நின்னு, மூட்டம் தனியாக் கெடக்கு, கொஞ்சம் வழி விடுங்க, மொதல்ல பிடிச்சுட்டுப் போயிர்றேன்னு நீதான கெஞ்சுன. வரிசையில நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு."

"நீங்க யாரும் வழி விடல" என்றாள் முத்துராக்கு. இதுவரை மறந்திருந்தாள், இப்போது அந்த வரிசையின் முதுகுகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன.

"லாரித் தண்ணிக்கு யாருத்தா வழி விடுவா?"

"அப்ப ஏன் கூட்டத்துல ஒருத்தரும் சொல்லல?"

சோலைமலை எழுந்து எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். குரல் இதமாக இருந்தது. "இப்ப எதுக்கு அதெல்லாம்? ஒரு கெட்டதுல ஒரு நல்லது. நீ செஞ்ச தப்பு ஊருக்கே தண்ணியா ஆயிருக்கு. போயி ஒக்காரு, தெக்குத் தெரு காத்துக் கெடக்கு."

"நான் பூமயில்கிட்டப் போறேன்."

மிளகாய் வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போனா?" என்றார் சோலைமலை. "அவ மனசு இளகி மன்னிச்சுருவா. மன்னிச்சா இது நின்னுரும். நீயே சொல்லு, குத்தம் பண்ணுனவ குத்த உணர்ச்சியோட இருக்கிறதுதான நியாயம்? ஒன்னைய நீயே கழுவி விட்டுக்கிட்டா அது எந்த ஊரு நியாயம்?"

 அந்த வாதம் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட வாதம்தான். ஆனால் அதை இவர் சொல்லும்போது, கையில் வியாபாரிகளுக்குக் காட்டும் மிளகாயை வைத்துக்கொண்டு சொல்லும்போது, அதிலிருந்து ஒரு வாடை வந்தது. அவள் விலக்கை நோக்கி நடந்தாள். மறிக்கவந்தவர்கள் நனைந்து ஒதுங்கினார்கள்.

பஸ் கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள வராதம்மா, சீட்டு நனையும். பின்படியில நின்னுக்க" என்று சொல்லி டிக்கெட் கிழித்தார். டிக்கெட்டும் நனைந்தது. பஸ்ஸுக்குப் பின்னால், ஊரிலிருந்த ஒரே சரக்கு வண்டியான குட்டியானையில், காலிக் குடங்களை ஏற்றிக்கொண்டு உடைக்காட்டுப்பட்டியே கிளம்பியது.

டிரைவர் சொன்ன உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. எத்தனையோ பாத்திகளில் கடல்நீர் வெயிலுக்குள் கிடந்து பூத்துக்கொண்டிருந்தது, வரப்போரம் வெள்ளை அம்பாரங்கள் குவிந்திருந்தன. முத்துராக்கு பாதைமுனையில் தெரிந்ததுமே, "மழை, மழை" என்று ஒரு குரல் எழுந்தது. வேலையாட்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், ஓலைத்தட்டிகளை இழுத்துவந்து அம்பாரங்களை மூடினார்கள். ஊரில் அவளைக் கண்டால் குடம் தூக்கி ஓடிவருவார்கள். இங்கே தீயைக் கண்டதுபோல ஓடினார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பூமயில் வரப்பின்மேல் வந்தாள். கறுத்திருந்தாள், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் இடுங்கியிருந்தன, பாதங்கள் உப்பில் வெடித்திருந்தன.

"நில்லுங்க மதினி. அதுக்கு மேல வராதீங்க. இது வெயில்ல வெந்து வாங்குன உப்பு."

"வரல."

"அது என்ன மேல?"

"அன்னையிலருந்து பெய்யுது."

"ஓகோ" என்றாள் பூமயில், பெய்யத்தானே வேண்டும் என்பதுபோல. "எங்களுக்கு மழை பேஞ்சா அன்னைக்குச் சோறு இல்ல. ஊருக்கு நல்லதா இருக்கும்."

"பூமயிலு, என்னைய மன்னிச்சிரு" என்றாள் முத்துராக்கு. மழை பலத்தது. வட்டத்தின் விளிம்பு அருகிலிருந்த பாத்தியைத் தொட்டது, அங்கே பூத்திருந்த உப்புத் தோல் ஓட்டை ஓட்டையாகக் கரைந்தது.

"தள்ளி நில்லுங்கங்கிறேன்" என்றாள் பூமயில். அவள் குரல் உயரவில்லை. "மன்னிப்பு எங்கிட்ட இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல, தேடிப் பாக்க நேரமும் இல்ல. நீங்க அழுவீங்க, நடுங்குவீங்க, நான் பாவம் பாத்துத் தொடச்சு விடணும். அதுக்குத்தான வந்தீங்க? நனையிறது நீங்க, தொடைக்கிறது நானா?"

முத்துராக்கு ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். வேணிக்கு வேணும். தனக்குக் காய்ச்சல் வந்ததாலதான் ஆடெல்லாம் வெந்து செத்துச்சுன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. இப்ப உடம்பு சுட்டாலும் வாயத் தொறக்குறதில்ல. பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைக்கிறா. நீங்க சொன்னா நம்புவா."

"இப்பவே சொல்றேன். எங்க அவ?"

"இப்படியேவா? இந்தக் கோலத்துல போய் நின்னா அவ ஓடிப்போய்த் துண்டு எடுத்துட்டு வருவா. அத்தை அழாதீங்கன்னு உங்களத் தேத்துவா. அது வேற அவ தலையிலயா?" பூமயில் திரும்பி நடந்தாள். "காஞ்சு வாங்க மதினி."

அப்போதுதான் குட்டியானை வந்து நின்றது. சோலைமலை இறங்கினார், பின்னால் குடங்களோடு பெண்கள் இறங்கினார்கள். அவர் பூமயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பூமயிலு, ஊரு தப்புப் பண்ணிருச்சு. வா, தடையை எடுத்துட்டோம். மூட்டத்துல ஒனக்குப் பங்குகூடப் போட்டுத் தாரோம். ஒண்ணே ஒண்ணு, இவள மட்டும் மன்னிச்சிராத."

"என்ன?" என்றாள் பூமயில்.

"மன்னிச்சா மழை நின்னுருமத்தா" என்றாள் பொன்னுத்தாயி. "நீ மனசுல வச்சிரு. எங்க எல்லாருக்கும் தெரியும் நீ தப்புப் பண்ணலன்னு."

"எல்லாருக்கும் தெரியுமா?" பூமயில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எப்பருந்து?"

 பாத்தியில் உப்பு வெடிக்கிற சின்னச் சத்தம் கேட்டது. ஒருத்தி மட்டுமே செய்தாள் என்று நம்பித்தான் இவ்வளவு நாளும் பூமயில் அந்த ஊரை முழுக்க வெறுக்காமல் இருந்திருக்கிறாள். அது அவள் முகத்தில் உடைந்து விழுவதை முத்துராக்கு பார்த்தாள். பார்த்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இத்தனை காலம் நனைந்த நனைச்சலில் ஒரு வாய்த் தண்ணீர் பூமயிலுக்குப் போகவில்லை. வடக்குத் தெரு குடித்தது, தெற்குத் தெரு குடித்தது, மிளகாய் குடித்தது, வானிலை அதிகாரி குடித்தார். அழுதுகொண்டே இருப்பது கடனைக் கட்டுவதாகாது. தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஸ்டூல், உண்மையில் வசதியான ஸ்டூல்தான். அதில் உட்கார்ந்திருக்கும் வரை எழுந்துபோய் எதையும் செய்ய வேண்டியதில்லை.

"தலைவரே" என்றாள். "மூட்டத்த விட்டுட்டுப் போனது நான். பொய் சொன்னது நான். அது என்னுது, அத யார்கிட்டயும் குடுக்கமாட்டேன். தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தது நீங்க. அது உங்களுது. அதையும் சேத்து இவ்வளவு நாளா நான் நனைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே நனையமாட்டேன்."

"நனையமாட்டேன்னு நீ எப்படிச் சொல்லுவ?" என்றாள் பொன்னுத்தாயி, பதறிப்போய்க் குடத்தை நீட்டினாள். "அந்தப் பிள்ளை தோள்ல துவண்டு கெடந்துச்சே, நெனச்சுப் பாரு."

"ஆமா, கெடந்துச்சு" என்றாள் முத்துராக்கு.

"மதினி சொல்லுங்கன்னு கெஞ்சுனாளே."

"ஆமா, கெஞ்சுனா. நான் சொல்லல."

"ஒன்னால எத்தன ஆடு வெந்துச்சு."

"ஆமா."

ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றாள், முகத்தைத் திருப்பாமல், தலையைக் குனியாமல். ஒவ்வொரு ஆமாவுக்கும் மழை இளைத்தது, தூறலானது, சொட்டானது. கடைசிச் சொட்டு பொன்னுத்தாயியின் குடத்துக்கு வெளியே மண்ணில் விழுந்தது. முத்துராக்கின் தலைக்கு மேலே எல்லோருக்கும் இருக்கிற அதே வெயில் வந்து நின்றது.

"ஊரு தண்ணிக்கு என்ன செய்யும்?" என்றார் சோலைமலை. முதல்முறையாக அவர் குரலில் இதம் இல்லை.

"ஊருணியில முள்ள வெட்டுங்க. லாரிக்குச் சொல்லி விடுங்க. வரிசையில நில்லுங்க" என்றாள் முத்துராக்கு. "அவசரம்னு ஒருத்தி கேட்டா வழி விடுங்க."

குட்டியானை காலிக் குடங்களின் சத்தத்தோடு திரும்பிப்போனது. பூமயில் பாத்தியில் இறங்கிப் பலகையை எடுத்து உப்பை வாரத் தொடங்கினாள். முத்துராக்கு வரப்பில் உட்கார்ந்து வெயிலுக்கு முதுகைக் கொடுத்தாள். சேலை விறைத்துக் காய்ந்தது, தோளிலிருந்த பாசி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, முடி காய்ந்தது, விரல் நுனிகள் மெல்ல மெல்ல அவளுடைய விரல்களாகத் திரும்பிவந்தன. நிழல் நீண்டபோது பள்ளிக்கூடப் பையோடு வேணி வந்தாள். வளர்ந்திருந்தாள். முத்துராக்கைப் பார்த்ததும் நின்றாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பூமயில் வாருவதை நிறுத்தவில்லை.

"வேணி, இங்க வா தாயி. நான் சொல்றதக் கேளு. அன்னைக்கு மூட்டத்துக்குக் காவல் நான். உங்கம்மா என்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஒன்னையத் தூக்கிட்டுப் போனா. நான் தண்ணி லாரிக்கு ஓடிட்டேன், அதனால எரிஞ்சது. ஊர் கேட்டப்ப உங்கம்மா பேரச் சொன்னது நான்."

வேணி பையின் வாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்குக் காய்ச்சல் வராட்டி அம்மாதான இருந்திருப்பாங்க?"

"பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரும். வந்தா தூக்கிட்டு ஓடுறதுதான் அம்மா வேலை. பாத்துக்கிறேன்னு சொன்னவ பாத்துக்கிறது என் வேலை. நான்தான் செய்யல."

வேணி பையைக் கீழே வைத்தாள். பிறகு, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், கணக்கில் விடை தெரிந்தே ஆக வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல, அத்த?"

முத்துராக்கின் பிடரியில் அந்தப் பழைய குளிர் வந்து தொட்டது. தலையைக் குனிந்தால் போதும், மழை வந்துவிடும். வந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் பலகையின் சத்தம் நின்றிருந்தது. அவள் குனியவில்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்து, காய்ந்த தொண்டையோடு சொன்னாள்:

"பயந்துட்டேன் தாயி. உங்கம்மாவுக்காகப் பேச அங்க ஒரு ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவ தலையில போட்டேன். நீ ஒண்ணும் செய்யல."